கடல் கடந்த செலவு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

தமிழில் 'செலவு' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. சங்கப் புலவர்க்கு அது பயணம்; இக்காலத்தார்க்கு அது கையை விட்டுப் போகும் பணம். பத்தாண்டுகளாகக் கவிதையும் கதையும் ஆய்ந்து வந்த ஓர் அவையில் விடுமுறைப் பயணத்தைப் பொருளாக எடுத்துக்கொள்வது தகுமா என்று சிலர்க்கு ஐயம் எழலாம். ஒரே சொல்லுக்குள் பயணமும் பணமும் குடியிருப்பதே அந்த ஐயத்திற்கு விடையாகும். பணம் செலவாவது உறுதி. பயணம் நிகழ்ந்ததா என்பதே கேள்வி.

செல்லூரில் ஓய்வு பெறும் ஆசிரியர் ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். முப்பது ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தவர். மகளின் திருமணம் முடிந்துவிட்டது. கையில் சிறிது பணம் இருக்கிறது. நாளிதழோடு வரும் சுற்றுலா நிறுவனத் துண்டறிக்கையில் ஐந்து இரவு, ஆறு பகல் என்று எழுதி, தென்னை மரமும் நீலக் கடலும் அச்சிட்டிருக்கிறார்கள். பாலித்தீவு, அங்கோர்க் கோயில்கள், தாய்லாந்துக் கடற்கரை, இலங்கையின் தேயிலை மலை ஆகிய அனைத்தும் அத்துண்டறிக்கையில் உண்டு. 2012ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம் தொடங்கிய பிறகு, கடல் கடப்பது பெருஞ்செல்வர்க்கே உரியது என்ற எண்ணம் இவ்வூரில் குறைந்துவிட்டது. ஆசிரியர் போகத்தான் போகிறார். அவர் எதற்குப் போகிறார், எதைக் கண்டு திரும்புவார் என்பதையே இவ்வுரை ஆராய்கிறது.

மதுரைக் கூலவாணிகனின் கப்பல்கள்

கீழ்த்திசைத் தீவுகளுக்குப் பயணத் திட்டம் வகுக்க விரும்புவோர் முதலில் புரட்ட வேண்டிய நூல் மணிமேகலை. அதனை இயற்றிய சாத்தனார் மதுரையில் கூலம் விற்ற வணிகர் என்பது மரபு. அவருடைய காப்பியத்தில் இரண்டு கடற்பயணங்கள் உள்ளன. இரண்டும் இன்றைய பயணிக்குப் பாடமாகும்.

முதற்பயணம் ஆபுத்திரனுடையது. ஆதரவற்று மதுரைக்கு வந்து, பிச்சையெடுத்த உணவை ஏழைகளுக்கு அளித்து வாழ்ந்தவன் அவன். சிந்தாதேவியின் கையிலிருந்து அமுதசுரபியைப் பெற்றது இந்த மதுரையில்தான். பாண்டி நாட்டில் மழை பொழிந்து, வாங்குவோர் இல்லாத நிலை வந்தபோது, சாவகத்தில் பஞ்சம் என்று கப்பலில் வந்தோர் சொல்லக் கேட்டு அங்கே புறப்படுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கிய அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. உண்பிக்க ஒருவரும் இல்லாத தீவில் பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு, உண்ணாமல் உயிர் துறக்கிறான். பின்பு அவனே சாவகத்து மன்னனாகப் பிறக்கிறான் என்பது கதை. தமிழ்க் காப்பியத்தில் மதுரையிலிருந்து சாவகத்திற்குப் புறப்பட்டவன், அங்குள்ளோர்க்குத் தேவையான ஒன்றைக் கையில் ஏந்திப் புறப்பட்டான். சாவகத்தில் அவன் அரசாள நேர்ந்ததும் அந்த மண்ணின் பிள்ளையாகப் பிறந்த பிறகே.

இரண்டாம் பயணம் ஆதிரையின் கணவன் சாதுவனுடையது. பொருளைச் சூதில் இழந்து, பொருள் தேடிக் கடலேறியவனின் கலம் உடைகிறது. ஒடிந்த பாய்மரத்தைப் பற்றி நாகர் மலையில் கரையேறுகிறான். அங்குள்ளோர் மனிதரைத் தின்பவர். அவனையும் தின்ன எழுப்புகிறார்கள். அவன் அவர்களுடைய மொழியில் பேசுகிறான். அதனால் உயிர் பிழைக்கிறான். தலைவனோடு அறம் பேசி, அவர்களைக் கொலை நீக்கச் செய்து, ஊர் திரும்புகிறான். வேற்று நிலத்தில் மனிதனைக் காத்தது வாளோ பொன்னோ அன்று. பிறர் மொழியில் தெரிந்து வைத்திருந்த சில சொற்கள்.

தேவைப்படுவதை எடுத்துச் செல். அவர்கள் மொழியைக் கற்றுச் செல். திட்டமிடும் கலையை இவ்விரு தொடரில் சாத்தனார் முடித்துவிட்டார் எனலாம்.

ஆப்பு நட்ட இடம்

செல்லூரின் பழம்பெருமை திருவாப்புடையார் திருக்கோயில். வையையின் வடகரையில் உள்ள இத்தலம் ஞானசம்பந்தரால் பாடப்பெற்றது. சோழாந்தகன் என்னும் மன்னன் சிவபூசை செய்யாமல் உண்ணாதவன். காட்டில் பசியால் வாடிய அவனுக்காக அமைச்சர் ஓர் ஆப்பைத் தரையில் நட்டு, இதுவே தானாய்த் தோன்றிய இலிங்கம் என்றார். மன்னன் வழிபட்டு உண்டபின் உண்மை தெரிந்து வருந்த, இறைவன் அந்த ஆப்பிலேயே எழுந்தருளினான் என்று தலபுராணம் கூறும். அந்த ஆப்பு எந்தக் காட்டு மரத்தில் வெட்டப்பட்டது என்று இன்றுவரை எவரும் கேட்டதில்லை. நட்ட மண்ணுக்கே அது சொந்தமாயிற்று.

கீழ்த்திசைப் பயணத்தில் தமிழர்க்கு நேரும் பெரிய தடுமாற்றத்திற்கு இக்கதையே மருந்து. அங்கோர்வாட்டைக் காணச் செல்வோரில் பலர், அது தமிழ் மன்னன் கட்டியது என்று சொல்லிக்கொண்டே செல்கின்றனர். அவ்வாறே சொல்லிக்கொண்டு திரும்புகின்றனர். அக்கோயிலைக் கட்டுவித்தவன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன். திருமாலுக்கென எழுந்த அது மேற்கு நோக்கி நிற்கிறது. பின்னர்ப் புத்தர் வழிபாட்டிடமாயிற்று. அங்கோர் நாட்டுக் கல்வெட்டுகளின் மொழி சமஸ்கிருதமும் கெமரும். எழுத்து தென்னாட்டு எழுத்திலிருந்து பிறந்தது என்பது உண்மை. கதை இந்நாட்டுக் கதை என்பதும் உண்மை. கல்லைச் செதுக்கிய கை கெமரின் கை. அதனைத் தாங்கி நிற்கும் நீரியல் அறிவும் அவர்களுடையது. அங்கோரின் மேற்குப் பாராய் என்னும் ஏரி ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் உடையது. கண்மாய் நாட்டுக்காரர் எவரும் அக்கரையில் நின்று வியக்கலாம்.

இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தையும் சிறீவிசயத்தையும் தாக்கியது வரலாறு. தாக்கியதால் கீழ்த்திசை முழுவதும் சோழர் ஆட்சியில் இருந்தது என்று கொள்வதற்கு இடமில்லை. காம்போச மன்னன் ஒருவன் இராசேந்திரனுக்குத் தேர் ஒன்றை அனுப்பி நட்பு நாடிய செய்தியைக் கரந்தைச் செப்பேடு குறிக்கிறது. சிறீவிசய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்ப, இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்தான். அங்கிருந்து வந்தவர்களும் இங்கே ஆப்பு நட்டிருக்கிறார்கள். கடல் இரு திசையிலும் ஓடியது.

தமிழர் உண்மையாகவே விட்டு வந்த சுவடுகள் வேறு. அவை அளவில் சிறியன. தாய்லாந்தின் கிராபி மாகாணம் இன்று கடற்கரை விடுதிகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே கிளாங் தோம் என்னும் ஊரில் கண்டெடுக்கப்பட்ட ஒரு சிறு கல், உள்ளங்கைக்குள் அடங்குவது. 'பெரும்பதன் கல்' என்று தமிழ்ப் பிராமியில் எழுதப்பெற்ற அது, கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பொற்கொல்லர் ஒருவரின் உரைகல். தன் தொழிற்கருவியில் பெயரெழுதி வைத்த ஓர் உழைப்பாளி, கடல் கடந்து சென்று பொன் உரைத்துப் பிழைத்திருக்கிறார். தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளம் வெட்டியதைச் சொல்கிறது; அக்குளம் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் விடப்பட்டது. சுமத்திராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று ஐந்நூற்றுவர் என்னும் வணிகரைக் குறிக்கிறது. பர்மாவின் பகானில் 13ஆம் நூற்றாண்டில் ஒரு வணிகர் திருமால் கோயிலுக்கு மண்டபம் கட்டிக் கொடுத்ததைத் தமிழில் பொறித்துள்ளார். குளம் வெட்டினார்கள், மண்டபம் கட்டினார்கள், விளக்கு வைத்தார்கள். விருந்தினராய்ச் சென்றவர் செய்யத்தக்க செயல்கள் இவை. பெருங்கோயிலுக்கு உரிமை கோரும் ஆரவாரத்தில் இந்த உரைகல் கண்ணில் படாமற் போவது இழப்பே.

விருந்தினர் பண்புக்கு மற்றொரு சான்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனக் கடற்படைத் தலைவர் செங் கோ கொணர்ந்து, காலியில் நிறுத்தப்பட்ட கல் அது, 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது, 1911இல் கண்டெடுக்கப்பட்டது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை செலுத்தியதாக மூன்று மொழிகளில் எழுதப்பட்டுள்ளது. சென்ற இடத்தில் வழங்கிய மொழிகளில், சென்ற இடத்துத் தெய்வங்களை வணங்கிய கல்.

திருவாதவூரிலிருந்து தேவசத்தானம் வரை

மதுரைக்காரர் பாங்காக்கில் காணத்தக்க ஓரிடம் உண்டு. நகரின் பழைய பகுதியில் செந்நிறத்தில் உயர்ந்து நிற்கும் ஊஞ்சற் கம்பமும், அதனருகே தேவசத்தானம் என்னும் பிராமணர் கோயிலும் அவை. மார்கழி, தையை ஒட்டி அங்கே நடைபெறும் விழாவின் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும் கடல் கடந்து அப்பெயராயின. தாய்லாந்து அரசவைப் பிராமணர் ஓதும் அவ்வரிகள் வழிவழியாக மாறி, பொருள் தெரியாத ஒலியாக நிலைத்துவிட்டன. உயர்ந்த ஊஞ்சலில் ஆடும் சடங்கு 1935இல் நின்றுபோயிற்று. கோயிலுக்குள் ஓதுதல் நின்றுவிடவில்லை. இத்தொடர்பைத் தமிழ் உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் தனிநாயகம் அடிகள்.

திருவெம்பாவை பாடிய மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர், மேலூருக்கு அருகில், மதுரையிலிருந்து ஒரு பேருந்துத் தொலைவில் உள்ளது. பாங்காக்கிற்குச் செல்லத் திட்டமிடும் செல்லூர் ஆசிரியர் முதலில் திருவாதவூருக்கு ஒரு முறை சென்று வருவது நல்லது. வீட்டு வாசலிலுள்ள ஊரைக் காணாதவர்க்குத் தொலைவிலுள்ள கோயில் எதையும் சொல்லாது. பாங்காக்கில் அவ்வோசை காதில் விழுந்தால், பிழையாய் ஓதுகிறார்கள் என்று நகைக்கத் தோன்றாது. பொருள் தெரியாமலேயே நூற்றாண்டுகளாக ஒரு பாட்டை இழக்காமல் வைத்திருந்தவர்களின் பொறுமை புலப்படும். பொருள் தெரிந்தும் மறந்துவிட்டவர்களின் நிலையும் புலப்படும்.

கோமாளிகளும் நீர்க்கோயில்களும்

சாவகத்தில் இராமாயணமும் பாரதமும் தோற்பாவையாக ஆடப்படுகின்றன. வயாங் கூலித் என்பது அதன் பெயர். பிரம்பானன் கோயிற் சுவரில் 9ஆம் நூற்றாண்டிலேயே இராமகாதை செதுக்கப்பட்டது. இவற்றைக் கண்ட தமிழ்ப் பயணி, இதுவும் இங்கிருந்து போனதுதான் என்று அமைதியடைந்துவிட்டால் சாவகத்தைக் காணவே இல்லை எனலாம். அக்கூத்தில் சாவக மக்கள் உயிராய் நேசிப்பது செமார் என்னும் கோமாளியை. தொந்தி சரிந்த வேலைக்காரனாய்த் தோன்றும் அவன் மாறுவேடத்தில் வந்த தெய்வம். அவனும் அவனுடைய பிள்ளைகளும் வியாசரிடம் இல்லை. அவர்கள் சாவகத்தின் சொந்தப் படைப்பு. தென்மாவட்டங்களில் தோற்பாவைக் கூத்துப் பார்த்தவர்க்கு உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் நினைவுக்கு வருவார்கள். அவர்களும் வான்மீகியிடம் இல்லாதவர்களே. இரண்டு நாட்டாரும் கடன் வாங்கிய கதைக்குள் தம் ஊர்க்காரனை நுழைத்து அரசர்களைக் கேலி செய்ய வைத்தார்கள். இந்த ஒற்றுமை எவரும் எவரிடமிருந்தும் பெற்றதன்று. எளியோர் எங்கும் செய்வது. கவிஞர்கள் காண வேண்டிய உறவு இது.

பாலித்தீவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். துண்டறிக்கையில் பாலியின் படிக்கட்டு வயல்கள் பசுமையாய்த் தெரியும். அந்தப் பசுமைக்குப் பின்னால் சுபாக் என்னும் ஏற்பாடு இருக்கிறது. ஒரே வாய்க்காலில் நீர் பெறும் உழவர் ஒரு சங்கமாய்க் கூடி, எப்போது நீர் திறப்பது, எப்போது நடுவது, எப்போது நிலத்தை ஆறப் போடுவது என்பதை நீர்க்கோயிலில் முடிவு செய்வர். மலையுச்சி ஏரியருகே உள்ள பத்தூர் நீர்க்கோயில் இவற்றுக்கெல்லாம் தலைக்கோயில். 1970களில் புதிய நெல் வகைகளோடு வந்த அதிகாரிகள், கோயில் முறையைக் கைவிட்டு ஓயாமல் பயிரிடச் சொன்னார்கள். நீர்ப்பங்கீடு குலைந்தது, பூச்சிகள் பெருகின. எல்லோரும் ஒரே காலத்தில் நிலத்தை ஆறப் போட்டதால்தான் முன்பு பூச்சி பெருகாதிருந்தது என்பதை அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் ஆய்ந்து எழுதினார். 2012இல் யுனெஸ்கோ சுபாக் நிலப்பரப்பை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது. ஆயினும் விடுதிகள் பெருகுவதால் வயல்கள் குறைகின்றன; நீச்சல் குளங்கள் வயலின் நீரைப் பங்கு கேட்கின்றன. அவ்விடுதியில் அறை பதிவு செய்யும் ஒவ்வொருவரும் அந்த வழக்கில் ஒரு பக்கத்தில் நிற்கிறார்.

செல்லூர்க் கண்மாயின் கரையில் வாழ்வோர்க்கு இது தொலைவான செய்தியன்று. பாண்டி நாட்டிலும் மடை திறக்க நீர்பாய்ச்சி இருந்தார். முறை வைத்து நீர் பங்கிடும் ஊர்க்கூட்டம் இருந்தது. கண்மாய்க் கரையில் காவல் தெய்வம் இருந்தது. இன்று செல்லூர்க் கண்மாயைச் சுற்றி வயல்கள் இல்லை; வீடுகள் உள்ளன. 2024 அக்டோபரில் பெய்த பெருமழையில் கண்மாய் நிறைந்து, தெருக்களில் நீர் புகுந்தது அவையினர்க்கு நினைவிருக்கும். பாலி உழவரின் நீர்க்கோயிலில் ஒரு காலைப்பொழுது அமர்ந்து கேட்டு வருபவர், திரும்பியபின் தம் தெருக்கோடியிலுள்ள கண்மாயை வேறு கண்ணால் பார்ப்பார். அப்படிப் பார்க்க வைக்காத பயணம் வெறும் இடமாற்றம்.

காணாமல் கடக்கும் உறவுகள்

இவ்வுரையின் வலி மிகுந்த பகுதி இனி வருவது.

கண்டியிலிருந்து மலைமேல் செல்லும் தொடர்வண்டி, தேயிலைத் தோட்டங்களின் நடுவே வளைந்து போகும். உலகின் அழகிய வண்டிப்பாதைகளுள் ஒன்று என்று பயண நூல்கள் புகழ்கின்றன. சன்னலருகே நின்று படமெடுப்போரின் கண்ணில், பச்சைச் சரிவில் கூடை சுமந்த பெண்கள் சிறு வண்ணப் புள்ளிகளாய்த் தெரிவார்கள். அப்பெண்களின் முன்னோர் மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து சென்றவர்கள். 19ஆம் நூற்றாண்டில் பஞ்சத்திற்கும் கடனுக்கும் தப்பி, கங்காணியின் சொல்லை நம்பிக் கடல் கடந்து, தலைமன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டோர் பலர். முதலில் காப்பி, பிறகு தேயிலை. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ, சாத்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரித்தது. மீதமிருந்த 1,50,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்பட்டது. யாரையும் கேட்கவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் இங்கும் தங்கை அங்குமாய்ப் பிரிந்தார்கள். அவர்கள் மலைநாட்டில் கால் வைத்த இருநூறாம் ஆண்டு நினைவாக, 2023இல் அவர்தம் வழித்தோன்றல்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் நடந்தார்கள்.

இலக்கிய வட்டத்தார்க்கு இம்மலை புதியதன்று. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' நிகழ்வது ஈழத்துத் தேயிலைத் தோட்டத்தில். மலையகத்திலேயே பிறந்து, 1947இல் நாடாளுமன்ற உறுப்பினராகி, தம் மக்களின் வாக்குரிமை பறிபோவதைக் கண்ட கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை அம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தார். தேனிலவுத் தீவென்று விளம்பரம் செய்யப்படும் பீஜியின் கரும்புத் தோட்டப் பெண்களின் துயரத்தைப் பாரதியார் பாடினார். அவர் அத்தீவுக்குச் சென்றதில்லை. சென்று வந்தவர் பலர்க்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது.

தாய்லாந்தின் காஞ்சனபுரியிலும் இதே நிலை. குவாய் ஆற்றுப் பாலத்தைக் காண உலகெங்கிலுமிருந்து பயணிகள் வருகின்றனர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியப் படை 415 கிலோமீட்டர் நீளத்திற்கு அமைத்த சயாம், பர்மா இரயில்பாதையின் பாலம் அது. போர்க் கைதிகளாய் மாண்ட நேசநாட்டு வீரர்க்கு அங்கே ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாய், பெயரோடு, புல்வெளியோடு அழகுறப் பேணப்படுகின்றன. அவர்களினும் பன்மடங்காய் மாண்ட ஆசியக் கூலிகளுக்குப் பெயரெழுதிய கல்லறை இல்லை. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுள் மிகுதி. அண்மைக் காலத்தில் மலேசியத் தமிழர் முயற்சியால் அவர்களுக்கென அங்கே ஒரு நடுகல் எழுந்துள்ளது. வீழ்ந்தவனுக்குக் கல் நடுவதைத் திணைத்துறையாகவே பாடிய மொழியினர், அக்கல்லின் முன் ஒரு பூவை வைக்க எத்தனை பேர் வண்டியை நிறுத்துகிறார்கள்?

ஒரு பயணத்தின் பிழை இங்கேதான் தெளிவாகிறது. உரிமையில்லாத கல்லுக்கு உரிமை கொண்டாடுகிறது. உறவாகிய மனிதரைப் பார்க்காமல் திரும்புகிறது. அரசன் கட்டிய கோயில் என்றால் நெஞ்சு நிமிர்கிறது. கூலி கட்டிய பாதை என்றால் கண் தாழ்ந்துகொள்கிறது. பெருமையைத் தேடிப் போவோர்க்கு உறவு கிடைப்பதில்லை.

செலவழுங்கல்

அகப்பாடல்களில் செலவழுங்கல் என்றொரு துறை உண்டு. பிரிந்து செல்லத் துணிந்த தலைவன், புறப்படும் வேளையில் சற்றே தயங்கி நிற்கிறான். அது பயணத்தைக் கைவிடுவதன்று. தலைவியை ஆற்றுவித்துப் புறப்படுவதற்காக அவன் எடுத்துக்கொள்ளும் தாமதம் என்று இலக்கண நூலார் விளக்குவர். விடுமுறைப் பயணத்திற்கும் ஒரு செலவழுங்கல் வேண்டும். புறப்படுமுன் நின்று யோசிக்கும் அந்த ஆறு மாதமே பயணத்தின் முதற்பாதி.

அந்த ஆறு மாதத்தில் செய்யத்தக்கவை சில. ஐந்து நாட்டை ஆறு நாளில் பார்ப்பதை விட்டு, ஒரு நாட்டில் இரண்டு ஊர்களைத் தேர்ந்துகொள்வது முதலாவது. பருவம் பார்ப்பது அடுத்தது. பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் பாலியில் மழை குறைவு. கம்போடியாவிலோ ஏப்ரலில் வெயில் மதுரையைப் போலவே வாட்டும். அங்கோருக்கும் பாங்காக்கிற்கும் மார்கழி, தை மாதங்களே ஏற்றவை. இலங்கையின் தென்மேற்குக் கரையில் மே மாதம் முதல் மழை இறங்கும். அப்போது திருகோணமலைப் பக்கம் கடல் அமைதியாயிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கும் கிழக்கும் மழையில் நனையும். பாலியில் மார்ச்சு மாதத்தை ஒட்டி வரும் நியெப்பி என்னும் மௌன நாளில் விமான நிலையமே மூடப்படும். விளக்கேற்றாமல், வெளியே வராமல் தீவு முழுவதும் அடங்கியிருக்கும். அந்நாளைத் தவிர்க்கத் திட்டமிடுவோரே பலர். அந்நாளில் அங்கிருக்கத் திட்டமிடுபவர் கவிஞர்.

பணம் குறைவென்று தயங்குவோர்க்கு மிக அருகில் யாழ்ப்பாணம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. காற்றையும் மழையையும் பொறுத்து அது இடையிடையே நிறுத்தப்படுவதால் உறுதி செய்துகொண்டு புறப்படுவது நன்று. மணிபல்லவம் என்று சிலர் கருதும் நயினாதீவு அங்கே உண்டு. 1981இல் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்து, மீண்டும் எழுந்த பொது நூலகமும் உண்டு. இலக்கிய வட்டத்தார் ஒருவர் அங்கே செல்லும்போது பையில் நான்கு தமிழ் நூல்களை எடுத்துச் சென்று கொடுத்து வருவாராயின், அமுதசுரபியில் ஒரு பிடி இட்டது போலாகும்.

நான்காவதாக, மொழி. நாகர் மொழி கற்ற சாதுவனை நினைந்து, இருபது சொற்களாவது கற்றுச் செல்ல வேண்டும். இந்தோனேசியாவில் தெரிமா காசி, கெமரில் ஓர்குன், சிங்களத்தில் ஸ்தூதி என்று நன்றி சொல்லத் தெரிந்தால் கடைக்காரர் முகம் மலரும். மலாய் மொழியில் கப்பலும் கடையும் கட்டிலும் பெட்டியும் தமிழிலிருந்து சென்று வழங்குகின்றன. துரியனும் ரம்புத்தானும் மங்குஸ்தானும் அங்கிருந்து தமிழுக்கு வந்தன. பழத்தைப் பெற்றுக்கொண்டு கப்பலைக் கொடுத்த உறவு அது.

ஐந்தாவதாக, எழுத்து. கோட்டையூரில் பிறந்து, காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்திற்காக உலகெல்லாம் அலைந்து, 1940இல் அதனை வெளியிட்ட ஏ.கே. செட்டியார், தமிழ்ப் பயண எழுத்தின் முன்னோடி. அவருடைய நடையில் வியப்புக்குறிகள் மிகக் குறைவு. கண்ட மனிதரை, கொடுத்த கூலியை, உண்ட உணவை எளிய வாக்கியங்களில் எழுதிச் செல்வார். தம்மைப் பின்னால் நிறுத்திக்கொள்வார். படக்கருவிகள் பெருகிய இந்நாளில், கோயிலின் முன் தம்மை நிறுத்திப் படமெடுப்போர் மிகுந்துவிட்டனர். நாளொன்றுக்கு ஒரு பக்கம் எழுதுபவர்க்கு அக்கோயில் நெடுநாள் நிலைக்கும்.

பாவும் ஊடையும்

செல்லூர் தறியின் ஊர். ஒரு காலத்தில் இத்தெருக்களில் விடியலில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்த்துக் காயவைப்பார்கள். பாவு முதலிலேயே முடிவாக வேண்டும்; இழை எண்ணிக் கட்ட வேண்டும். ஊடை நெய்யும்போதுதான் வரும். பயணமும் அத்தகையதே. பருவம், பணம், நூல், மொழி, கடவுச்சீட்டு ஆகியன பாவு. வழியில் எதிர்ப்படும் மனிதர் ஊடை. பாவில்லாமல் ஊடை நிற்காது. ஊடையில்லாத பாவு வெறும் நூற்கற்றை.

ஓய்வு பெற்ற ஆசிரியர் புறப்படட்டும். அங்கோரில் கெமர் சிற்பியை வணங்கட்டும். பாங்காக்கில் தேய்ந்துபோன தம் ஊர்ப் பாட்டைக் கேட்கட்டும். காஞ்சனபுரியில் நடுகல்லின் முன் நிற்கட்டும். மலைநாட்டில் தொடர்வண்டியை விட்டிறங்கி, லயத்து வாசலில் ஒரு கிழவியிடம், "எந்த ஊரம்மா, பூர்வீகம்?" என்று கேட்கட்டும். மேலூர் என்றோ, திருமங்கலம் என்றோ, உசிலம்பட்டிப் பக்கம் என்று தாத்தா சொல்வார் என்றோ விடை வரக்கூடும். அந்த ஒரு விடைக்காகவே அவ்வளவு செலவும் தகும்.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் கவியரங்கங்களோடு, சென்று வந்தோர் எழுதிப் படிக்கும் மாலை ஒன்றையும் ஆண்டுக்கொரு முறை நடத்துமாயின், வையைக் கரையிலிருந்து கீழ்த்திசைக்கு மீண்டும் ஒரு வழி திறந்ததாகும்.